மீன் விந்தின் மூலம் ஜீனைப் புகுத்துதல்

அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலுகாக்களில் கண்மாய்களுக்குத் தண்ணீர் சேர்வது ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே. மழை செவ்வையாய்ப் பெய்த வருஷத்திலும் பங்குனி, சித்திரைக்குள் பெரும்பான்மையான கண்மாய்கள் சேறாகிவிடும். ஆகையால் மீன்பாசிக் குத்தகை எடுப்பவருக்குக் கிடைக்கும் காலம் நாலைந்து மாதமே. அதற்குள் ரோகுவும் கட்லாவும் நல்ல விலைக்குப் போகும் எடைக்கு வருவது துர்லபம். இந்நிலையில், ஜீன் மாற்றிய குஞ்சு, நாலு மடங்கு சீக்கிரம் பருக்கும் என்று யாரேனும் சொல்லிக்கொண்டு வந்தால் குத்தகைதாரர் மயங்குவது இயல்பே. அப்படியொரு மீன் உண்மையில் உண்டா, அதை எவ்வாறு உண்டாக்கினார்கள், நம் கண்மாயில் விடலாமா என்பவற்றைக் குடியானவர்களும் ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் அறிந்திருத்தல் நலமாகையால் இதனை எழுதலானோம்.

அத்தகைய மீனை உண்டாக்கியது உண்மையே. அது பிறந்தது தூரதேசத்திலன்று. அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் அன்றே போய்த் திரும்பக்கூடிய மதுரையில்தான்.

ஒரு பிராணியின் தோலிலோ தசையிலோ செய்யும் மாறுதல் அப்பிராணியோடு மாண்டுபோம். விந்தணு, முட்டை, இவ்விரண்டையும் ஈனும் மூல அணுக்கள் ஆகியவற்றில் செய்யும் மாறுதலே சந்ததிக்குச் செல்லும். கம்பந்தட்டையைப் பூச்சி அரித்தால் நஷ்டம் அவ்வருஷத்தோடு தீர்ந்தது. பூவில் வேற்றுத் தாது விழுந்தால் மறுவருஷம் விதையே வேறாகிவிடுகிறதல்லவா? அதுபோலவே இதுவும். பிராணிகளின் குணங்களைக் குறிக்கும் கட்டளைகளுக்கு ஜீன் என்று பெயர். ஒரு ஜீனைத் தனியே பிரித்தெடுத்து வேறொரு பிராணியின் கருவில் நிலைக்கச் செய்தால், அதன் வம்சம் முழுவதும் அந்த ஜீனைச் சுமந்து வரும்.

இதற்கு முதலில் கையாண்ட முறை, மயிரிழையினும் நுண்ணிய கண்ணாடி ஊசியால் கருவுற்ற முட்டைக்குள் ஜீனைச் செலுத்துவதாகும். 1982-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இவ்வாறு வளர்ச்சி ஜீனைப் பெற்ற சுண்டெலிகள் தம் உடன்பிறந்தவற்றைக் காட்டிலும் மிகப் பெரியவையாய் வளர்ந்தன. ஆயினும் ஒவ்வொரு முட்டையாக எடுத்து ஊசி குத்துவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பல முட்டைகள் கெட்டும் போம். விந்தணுவோ தானாகவே முட்டையைத் தேடிச் செல்வது. அதன்மீது ஜீனை ஏற்றிவிட்டால் ஊசி எதற்கு? 1989-ல் இத்தாலியில் லவித்ரானோ என்னும் அம்மையாரும் அவரது சகாக்களும், சுண்டெலியின் விந்தை ஜீன் கலந்த திரவத்தில் ஊறவைத்தே காரியத்தைச் சாதித்ததாக வெளியிட்டார்கள். அவ்வாண்டிலேயே வேறு ஆராய்ச்சிக்காரர்கள் திருப்பிச் செய்து பார்த்தபோது அது பலிக்கவில்லை. நெடுங்காலம் இதைப்பற்றி வாதம் நடந்தது.

மதுரை காமராசர் சர்வகலாசாலையில் பேராசிரியர் டி. ஜே. பாண்டியன் அவர்களின் குழுவினர், இந்தியாவின் முதலாவது ஜீன் மாற்றிய மீனை 1991-ல் உண்டாக்கினார்கள். அது விரற்கடையளவே உள்ள வரிமீன். அதற்குப் புகுத்திய வளர்ச்சி ஜீன் எலியினுடையது. பிறரிடம் இரவல் வாங்கிய ஜீனைக் கொண்டே அன்று வேலை நடந்தது. பிறகு இக்குழுவினர் ரோகு மீனின் சொந்த வளர்ச்சி ஜீனையே பிரித்தெடுத்தனர். அதனை ஓயாமல் முடுக்கிவிடும் பகுதியைப் புல்கெண்டையிலிருந்து எடுத்து இணைத்தனர். இதன் விவரம் 2004-ல் வெளியாயிற்று.

அவர்கள் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. ஆண் ரோகுவின் வயிற்றை மெல்ல அழுத்தி விந்தைப் பிதுக்கி எடுத்து, ஜீன் கலந்த திரவத்தில் சேர்த்து, அதன் ஊடே கணநேரம் மின்சாரத்தைப் பாய்ச்சுவார்கள். அப்பொழுது விந்தணுவின் மெல்லிய சவ்வில் நுண்துளைகள் திறந்து மூடும். அந்த இடைவெளியில் ஜீன் உட்புகும். பிறகு இவ்விந்தைப் பெண் மீனின் முட்டையோடு கலந்தால் கருவுண்டாகிறது. மீன்களின் கரு உடலுக்கு வெளியே, நீரிலேயே உண்டாவதால் ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒரே சமயத்தில் கருவுறச் செய்யலாம். ஆட்டிலும் மாட்டிலும் இவ்வசதி இல்லை.

பிறந்த குஞ்சுகள் எல்லாவற்றிலும் ஜீன் நிலைத்துவிடவில்லை. சிலவற்றில் மாத்திரமே அது பரம்பரை இழையோடு பின்னிப்போயிற்று. வேறு சிலவற்றில் இழையோடு சேராமல் தனித்து நின்றது. நிலைத்தவை தம் உடன்பிறப்புகளைவிட நாலைந்து மடங்கு வேகமாய் வளர்ந்ததுடன், தின்ற இரையையும் மேலான விகிதத்தில் தசையாக்கின. நாலு மாதக் கண்மாயை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இச்செய்தி வாயூறச் செய்வதே.

ஆனால் இக்கணக்கு ஆராய்ச்சித் தொட்டியில் வேளை தவறாமல் இரையிட்டு எடுத்த கணக்கு. கண்மாயில் நாம் இரை போடுவது அரிது. வேகமாய் வளரும் மீனுக்கு இரை வேண்டாமென்பதில்லை. கம்மங்கொல்லைக்கு எருவே இடாமல் கலப்பு விதையை மாத்திரம் வாங்கி விதைத்தவர் நிலையே ஏற்படும்.

இதனினும் பெரிய விஷயம் ஒன்றுண்டு. நம் கண்மாய்கள் தனித்தனிக் குளங்களல்ல. மேலக்கண்மாய் மறுகால் பாய்ந்தால் நீர் கீழக்கண்மாய்க்குப் போகும்; அங்கிருந்து ஓடை வழியாய்க் குண்டாற்றைச் சேரும். கலுங்கில் வலை கட்டினாலும் பெருமழை இரவில் அது நிற்பதில்லையென்பது குத்தகைதாரர் எல்லாருக்கும் தெரியும். ரோகு தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லையென்பது மெய்யே. அதனாலன்றோ 1957-ல் ஒரிஸ்ஸாவில் ஹீராலால் சௌதுரி அவர்கள் மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் செலுத்தி இனவிருத்தி செய்யும் வழியைக் காட்டவேண்டியிருந்தது. ஆனால் வெள்ளம் புரளும் ஆற்றில் அது தானே முட்டையிடும். ஒரு முறை தப்பியதைத் திரும்பப் பிடித்து அடைக்க எந்த இலாகாவாலும் இயலாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி ஜீன் மாற்றியதன்று. வெறும் அந்நிய மீனே. எனினும் தடை விதித்த பின்னும் அது பல நீர்நிலைகளில் பரவி, அயிரை, கெண்டை முதலிய நாட்டு மீன்களை விழுங்கி வருவதைக் காண்கிறோம்.

அமெரிக்காவில் 2015-ல் ஜீன் மாற்றிய சால்மன் மீனை உணவுக்கு அனுமதித்தபோதுகூட, அதனை மலடாக்கி, கரையிலுள்ள மூடிய தொட்டிகளில் மாத்திரம் வளர்க்கவேண்டுமென்றே நிபந்தனை செய்தார்கள். அதனை வளர்த்த கம்பெனியும் 2024-ஆம் ஆண்டு முடிவில் வளர்ப்பை நிறுத்திவிட்டது. நம் தேசத்தில் ஜீன் மாற்றிய உணவு மீன் எதுவும் வளர்ப்புக்கு அனுமதிக்கப்படவில்லை. 1986-ஆம் வருஷத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989-ல் ஏற்பட்ட விதிகளின்படி, மத்திய சர்க்காரின் குழு அனுமதியளிக்காமல் அத்தகைய பிராணியை வெளியே விடுதல் குற்றமாகும். ஆகவே, அவ்வித மீன்குஞ்சு என்று விற்க வருபவர் ஒன்று பொய் சொல்லுகிறார், அல்லது சட்டத்தை மீறுகிறார். இரண்டிலும் நஷ்டம் வாங்குபவருக்கே. ஏல நிபந்தனைகளை எழுதும்போது, எவ்விடத்துக் குஞ்சு விடப்படும் என்பதற்கு ரசீது காட்டவேண்டுமென்று ஒரு வரி சேர்ப்பது தகும்.

சட்டத்துக்குட்பட்டுச் சீக்கிரம் வளரும் ரோகு வேண்டுமென்பவருக்கு "ஜயந்தி" ரோகு இருக்கிறது. புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-ல் வெளியிட்ட இவ்வினம், பல ஆறுகளின் ரோகுகளைச் சேர்த்து, தலைமுறைதோறும் சிறந்தவற்றைப் பொறுக்கியெடுத்து விருத்தி செய்ததாகும். தலைமுறைக்குச் சராசரி நூற்றுக்கு 17 பங்கு வளர்ச்சி கூடிற்று. இதில் ஜீன் புகுத்தல் ஏதுமில்லை. மேலும், சிறு குஞ்சுகளை விடாமல், நாலு அங்குலத்துக்குக் குறையாத குஞ்சுகளை விட்டால், குறுகிய பருவத்திலும் அறுவடை ஒருவாறு கட்டிவரும்.

இங்கே ஒரு வார்த்தை. மாட்டுக்குப் போடும் சினை ஊசியும் இதுவும் ஒன்றென்று சிலர் பயந்து கன்று ஈன்ற பசுவையே சந்தேகிக்கிறார்கள். சினை ஊசியில் காளையின் விந்து உள்ளபடியே கடுங்குளிரில் காக்கப்பட்டுச் செலுத்தப்படுகிறதேயன்றி, அதில் எந்த ஜீனும் கூட்டப்படுவதில்லை.

விதைப்பையிலுள்ள மூல அணுக்களிலேயே ஜீனை ஏற்றும் வழியும் நம் தேசத்தில் ஆராயப்பட்டிருக்கிறது. தில்லியிலுள்ள தேசிய நோய்த்தடுப்பியல் ஸ்தாபனத்தார் 2008-ல் ஆண் சுண்டெலியின் விதைப்பையில் ஜீனைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சினர். அவ்வெலி இயற்கையாய்ப் பெண்ணோடு கூடிப் பெற்ற குட்டிகளில் அந்த ஜீன் காணப்பட்டது.

மதுரைக் குழுவினர் செய்த மற்றொரு சோதனை, நமக்கு ரோகுவைவிட அதிகப் பயன் தருவதென்பது எம் அபிப்பிராயம். செத்துக் குளிர்ப்பெட்டியில் கிடந்த ஒரு கெண்டை வகை மீனிலிருந்து விந்தை எடுத்து, பரம்பரைப் பொருள் அழிக்கப்பட்ட வேறொரு வகைக் கெண்டையின் முட்டையில் சேர்த்து, செத்த மீனின் இனத்தையே மீண்டும் பிறப்பித்தார்கள். இதுவும் 2004-ல் வெளியாயிற்று. மீனுக்கு இயன்றது ஆட்டுக்கு இன்னும் இயலவில்லை. ஆயினும் உயிரோடிருக்கும் கிடாயின் விந்தைத் திரவ நைட்ரஜனில் பூஜ்யத்துக்குக் கீழ் 196 டிகிரியில் பல ஆண்டுகள் காக்க இயலும். நம் கரிசலின் வறட்சியைத் தாங்கும் வேம்பூர் ஆட்டில் கலப்பு ஏறிக்கொண்டே வருகிறது. கலப்பில்லாக் கிடாய் வைத்திருப்பவர்கள் அதனைச் சந்தைக்கு ஓட்டுமுன் பக்கத்திலுள்ள கால்நடை ஆஸ்பத்திரி டாக்டருக்குத் தெரிவிக்கவும்.