புலியைத் தாங்கும் பன்றி

புலி காட்டுக்கு மன்னன் என்று கதை கேட்டிருக்கிறோம். அந்த மன்னனின் அரியணை எது என்று கேட்டிருக்கிறோமா? சேற்றைக் கிளறி வாழும் காட்டுப் பன்றிதான் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், தோழர்களே! சிரித்துவிட்டுச் சிந்தியுங்கள்!

ரஷ்யாவின் கீழைக்கோடியிலே, ஜப்பான் கடலையொட்டி, சிகோட்டே-அலின் மலைக்காடு. அங்கே வாழ்வது அமுர் புலி. 1940-களில் அழிவின் விளிம்பில் நின்ற இனம். 1947-இல் வேட்டைக்குத் தடை வந்தது; இன்று நூற்றுக்கணக்கில் உலவுகிறது. தடை போட்டது சட்டம். சோறு போட்டது எது? காட்டுப் பன்றியும் மானும்!

அந்தப் பன்றிக்கு வந்தது கேடு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்! மனிதரைத் தொடாத நோய். பன்றியை விடாத நோய். 2007-இல் ஜார்ஜியா நாட்டில் நுழைந்தது. கப்பலில் வந்த கழிவு இறைச்சி வழியே வந்திருக்கும் என்பது அறிஞர் கருத்து. 2018-இல் சீனத்தைத் தாக்கியது. 2019-இல் ரஷ்யக் கீழைக்கோடியை எட்டியது. மனிதன் அள்ளிச் சென்ற இறைச்சியோடு நோயும் ஊர்வலம் போயிற்று!

காட்டிலே பன்றிகள் செத்து விழுந்தன. அண்டங்காக்கைக்கும் நரிக்கும் கரடிக்கும் திருவிழா! ஆனால் பிணங்கள் தீர்ந்ததும் விருந்தும் தீர்ந்தது; பஞ்சம் பிறந்தது.

புலி என்ன செய்தது? மானைத் தேடிப் போயிற்று. மான் மிகுந்த பக்கம் வாழ்ந்த புலி பிழைத்தது. புலி தின்று விட்ட மிச்சத்தை நம்பிய நரியும் காக்கையும் மானின் எலும்பைச் சுற்றின. பெருங்கரடியோ புலியை விரட்டி இரையையே பறிக்கும். மானும் கிட்டாத புலி? ஊருக்குள் வந்தது; வாசலில் கட்டிய நாயைக் கவ்வியது. மனித உயிரும் போயிற்று.

பசி சாவதில்லை, தோழர்களே, பாதையை மாற்றிக்கொள்கிறது!

புலியைச் சுட்டால் தீருமா இது? ஒரு புலி சாகும், பசி நிற்கும். திருட்டு வேட்டையைத் தடுத்து மானைக் காக்க வேண்டும். கழிவு இறைச்சியைக் காட்டோரம் கொட்டாதிருக்க வேண்டும். செத்த பன்றியை அகற்றிப் புதைக்க வேண்டும். காட்டோரம் மரம் வெட்டும் தொழிலாளியின் உயிருக்கும் அதுதான் காவல்.

முடியில் இருப்பவனைப் பாடும் உலகம் அடியில் இருப்பவனை மறந்துவிடுகிறது. அடி சரிந்தால் முடி எங்கே நிற்கும்? சிகோட்டே-அலின் காடு சொல்கிறது விடை!