டைமிங் பெல்ட் மாற்றிய பின் எஞ்சின் முரண்டினால்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வாழைச்சேனைக்கு வடக்கே கடலை அடுத்துள்ள ஊர் மாங்கேணி. இத்தகைய ஊர்களிலே மோட்டார் வண்டி ஆடம்பரப் பொருளன்று. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும், பிடித்த மீனைச் சந்தையிற் சேர்க்கவும் அதுவே துணை. நல்ல கராஜ் தொலைவில் இருக்குமாயின், கைத்திறன் உடையோர் தம் முற்றத்திலேயே பழுது பார்க்க முற்படுவது இயல்பு. அவ்வாறு டைமிங் பெல்ட்டை மாற்றிய பின் எஞ்சின் இயங்க மறுத்தால் யாது செய்தல் வேண்டும்? எதனைச் செய்யலாகாது?

முதலில் அந்தப் பெல்ட்டின் தொழிலை அறிதல் நலம். பிஸ்டன்களை ஏற்றி இறக்குவது கிராங்குத் தண்டு. வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் தண்டு. கிராங்கு இரு முறை சுழலும்போது கேம் ஒரு முறை சுழல வேண்டும். ஆதலால் கேம் சக்கரத்திலுள்ள பற்கள் கிராங்குச் சக்கரத்தின் பற்களைப்போல் சரியாக இரு மடங்காக இருக்கும். இவ்விரண்டையும் ஒழுங்காக இணைத்து வைப்பதே பற்களுள்ள இந்த இறப்பர்ப் பெல்ட். இதனைக் கொண்டு பெருமளவில் விற்பனைக்கு வந்த முதற் கார், ஜெர்மனியில் 1962இல் வெளிவந்த கிளாஸ் 1004 ஆகும்.

கிராங்குச் சக்கரத்தில் 20 பற்கள் உள்ளனவென்று கொள்வோம். பெல்ட் ஒரு பல் பிசகினால் கிராங்குக் கணக்கில் 18 பாகை தவறிவிடும். அப்பொழுது எஞ்சின் இயங்கினாலும் நடுங்கும், ஏற்றத்தில் வலுவிழக்கும். பிசகு மிகுந்தால், பல எஞ்சின்களிலே திறந்திருக்கும் வால்வின்மீது பிஸ்டன் மோதி, வால்வு வளைந்துவிடும். பெல்ட்டின் விலையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, சிலிண்டர்த் தலையையே கழற்றும் வேலையாகிவிடும்.

ஆகவே முதல் விதி இது: எஞ்சின் பிடிக்கவில்லையென்று சாவியை மீண்டும் மீண்டும் திருப்பலாகாது. பற்றரியின் இணைப்பைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, கிராங்குத் தண்டின் போல்ட்டில் ஸ்பனரை மாட்டி, எஞ்சின் வழக்கமாகச் சுழலும் திசையிலே மெதுவாக இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றுதல் வேண்டும். இடையில் இரும்போடு இரும்பு முட்டியதுபோல் தடை தோன்றினால் அங்கேயே நிறுத்துக, வலிந்து திருப்பற்க. இரண்டு சுற்று முடிந்ததும் இரு சக்கரங்களின் குறிகளும் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும். ஒரு சுற்றில் கேம் சக்கரத்தின் குறி எதிர்ப்புறம் நிற்பது பிழையன்று. புதுப் பெல்ட்டின் மீதுள்ள கோடுகள் மீண்டும் பொருந்தாமற் போவதும் பிழையன்று; சக்கரங்களின் குறிகளே கணக்கு.

குறிகள் பிசகியிருந்தால், அதன் காரணம் பெரும்பாலும் பெல்ட்டை மாட்டும்போது கிராங்கு இழுக்கும் பக்கத்தில் விட்ட தளர்வேயாகும். இறுக்கும் உருளையை முடுக்கும்போது அத்தளர்வு வாங்கப்பட்டு, கேம் சக்கரம் சற்று நகர்ந்துவிடும். இறுக்கிய பின்னரும் குறிகளைப் பார்க்கச் சொல்வது இதனாலேயே.

குறிகள் பொருந்தியும் எஞ்சின் பிடிக்காவிடில், வேலையின்போது கைபட்ட இடங்களை ஒவ்வொன்றாக நோக்குக. கிராங்கின் நிலையைக் காட்டும் உணர்கருவியின் இணைப்பு, பூமிக் கம்பி, காற்றுக் குழாய் ஆகியவை மறந்துபோகத் தக்கவை. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியில் அதன் நிலையையும் சரிபார்க்க வேண்டும். பல டீசல் எஞ்சின்களிலே எரிபொருட் பம்பையும் இதே பெல்ட்தான் ஓட்டுகிறது. அச்சக்கரம் பிசகினால் வெண்புகை எழும், அல்லது எஞ்சின் கடுமையாகத் தட்டும்.

ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட விரைவாகவும் இலேசாகவும் சுழல்கிறதா? அமுக்கம் போயிருக்கலாம். அமுக்கமானியை வைத்துப் பார்த்து, எந்தச் சிலிண்டரிலாவது அமுக்கம் இல்லையெனக் கண்டால் முற்றத்து வேலை அத்துடன் முடிந்தது. வண்டியைக் கட்டியிழுத்து நல்ல கராஜுக்குக் கொண்டு செல்வதே அறிவுடைமை.

எஞ்சின் இயங்கிய பின்னும் செவி விழிப்பாயிருத்தல் வேண்டும். ஊளையிடும் ஓசை மிகையான இறுக்கத்தையும், மூடியில் அடிபடும் ஓசை தளர்வையும் உணர்த்தக்கூடும். கடற்கரை ஊர்களிலே மணல் பறக்கும். ஆகையால் பெல்ட்டின் மூடியைப் போடாமல் ஓட்டுவது தகாது. எண்ணெய் கசியும் சீலையும் அப்பொழுதே மாற்றிவிடுதல் நன்று. எண்ணெய் பட்ட இறப்பர் விரைவிற் கெடும்.

சாவியைத் திருப்ப ஒரு நொடி போதும். கையாற் சுற்றிப் பார்க்கப் பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடமே எஞ்சினைக் காப்பது.