வீடு கைமாறும்போது தண்ணீர்க் கணக்கும் நேராக இருக்கட்டும்



மகளின் நிக்காஹ், பிள்ளையின் மேற்படிப்பு, தகப்பனார் வஃபாத்தான பின் பாகப் பிரிவினை என்று பல காரணங்களால் நம் மஹல்லாக்களில் வீடுகள் விற்கப்படுகின்றன. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் கவனமாகப் பார்க்கிறோம். தண்ணீரைப் பற்றி மட்டும் "போர் இருக்கு, லைன் இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆயுள் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்கிய குடும்பம், முதல் கோடையிலேயே லாரித் தண்ணீருக்குக் காத்து நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டு முதல் கட்டாயம். புதிதாகக் கட்டுபவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல; அன்று இருந்த பழைய வீடுகளுக்கும் சேர்த்தே சட்டம் கொண்டுவரப்பட்டது. அமைக்காத வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்து, உள்ளாட்சி நிர்வாகமே அமைத்து, அந்தச் செலவைச் சொத்து வரி போல வசூலிக்கலாம். அமைக்கும் வரை குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. வீடு விற்றுவிட்டால் இந்தச் சுமை புதிதாக வந்தவர் தலையில் விழும்.

ஆனால் கிரயப் பத்திரம் பதிவாகும்போது, மொட்டை மாடிக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. சில நாடுகளில் இதையும் விற்பனையோடு இணைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், 1994-க்கு முன் கட்டிய வீட்டை விற்பவர், தண்ணீரை அதிகம் குடிக்கும் பழைய கழிப்பறைத் தொட்டி, ஷவர், குழாய்கள் இருந்தால் அதை வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தனி வீடுகளுக்கு இது 2017 முதல் நடைமுறையில் உள்ளது.

நம் நாட்டில் அப்படித் தனிப் படிவம் இல்லாவிட்டாலும், 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவு இரண்டு கடமைகளைச் சொல்கிறது. ஒன்று, தமக்குத் தெரிந்த, ஆனால் வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடியாகும் என்று அதே பிரிவு கூறுகிறது. இரண்டு, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாவிட்டால், கிரயத் தேதி வரையிலான வரி, கட்டண பாக்கிகளை விற்பவரே கட்ட வேண்டும். தண்ணீர் வரி பாக்கியையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியது. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிந்துவிடும் என்பதும் ஹதீஸில் வந்த செய்தி. மறைந்திருந்த குறை பின்னால் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகள் இரண்டும் ஏற்கின்றன. மார்ச் மாதமே வற்றிவிடும் போர்வெல்லும், பாதியில் அடைபட்ட மழைநீர்க் குழாயும் அப்படிப்பட்ட குறைகளே.

விற்பதற்கு முன் என்ன செய்யலாம்?

முதலில் மாடியைப் பாருங்கள். மழைநீர் இறங்கும் குழாய்கள் எல்லாம் வடிகட்டும் தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகின்றனவா, தெருச் சாக்கடையில் விழுகின்றனவா? பல வீடுகளில் குழாய் இருக்கும். தொட்டிக்குள் மண் நிரம்பி இறுகியிருக்கும். கூழாங்கல், ஜல்லி, மணலை வெளியே எடுத்துக் கழுவித் திரும்பப் போட்டால் போதும். ஐப்பசி மழைக்கு முன் செய்வது நல்லது. வடிகட்டாத மழைநீரைப் போருக்குள் நேராக விடாதீர்கள். உறிஞ்சு குழி கழிவுநீர்த் தொட்டியை ஒட்டி இருக்கக் கூடாது.

இதனால் கிடைப்பது சொற்பமல்ல. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. வீணாவது போகக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டர் நிலத்துக்குள் இறக்கலாம்.

அடுத்து வீட்டுக்குள். சொட்டும் குழாய்களுக்கு வாஷர் மாற்றுங்கள். பழைய ஃப்ளஷ் தொட்டி ஒரு தடவைக்குப் பத்து லிட்டருக்கு மேல் கொட்டும். இரட்டைப் பொத்தான் தொட்டி மூன்று அல்லது ஆறு லிட்டரில் முடிக்கும். ஐந்து பேர் குடும்பத்தில் நாளுக்கு நூறு லிட்டருக்கு மேல் மிச்சமாகும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டர் தண்ணீரில் உளூ செய்தார்கள். குழாயை முழுதாகத் திறந்து வைத்து நாம் எவ்வளவு செலவிடுகிறோம் என்று ஒரு வாளியை வைத்துப் பாருங்கள்.

சரிசெய்ய வசதி இல்லையா? வெட்கப்படத் தேவையில்லை. போரின் ஆழம், எந்த மாதம் வரை தண்ணீர் வரும், உப்பா நல்லதா, மழைநீர்த் தொட்டியின் நிலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கிரய ஒப்பந்தத்துடன் இணைத்துக் கையெழுத்துப் போடுங்கள். விலையில் கொஞ்சம் குறையலாம். வாங்கும் பணம் ஹலாலாக இருக்கும்.

வாரிசுச் சொத்தாக இருந்தால், சரிசெய்யும் செலவை எல்லா வாரிசுகளின் சம்மதத்தோடு பொதுவிலிருந்து எடுத்து, ரசீதுடன் கணக்கு வையுங்கள். தாயார், சகோதரிகள் பங்கில் மட்டும் அதைக் கழிப்பது அநீதி. பங்கு பற்றிய ஐயங்களுக்கு உங்கள் பள்ளிவாசல் இமாமிடமோ ஆலிமிடமோ கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

வாங்குபவர்களும் மாடி ஏறிப் பாருங்கள். தொட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். அண்டை வீட்டாரிடம் சித்திரை வைகாசியில் தண்ணீர் எப்படி என்று விசாரியுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.