உறையும் நேரமே அளவுகோல்

விரலில் கத்தி பட்டால் இரத்தம் கசிகிறது. சில நிமிடங்களில் உறைந்து நின்றுவிடுகிறது. அதற்கு இரத்தத்தின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மாவில் பல காரணிகள் ஒன்றையொன்று தூண்டிவிட வேண்டும். அவற்றுள் எட்டாம் காரணி பிறவியிலேயே குறைந்தவர்களைப் பற்றும் நோய் ஹீமோபிலியா 'ஏ'.

இக்காரணியை எப்படி அளப்பது? ஒரு கிராமைக் கோடி கூறாக்கினால் அதில் ஓரிரு கூறுதான் ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் உள்ளது. அதை நிறுத்துவிட்டாலும் பயனில்லை. பொருள் இருந்தும் வேலை செய்யாமற் போவதுண்டு. ஆகவே வேலையையே அளக்கிறோம்.

இதற்கு வழிகாட்டியவர்களும் நோயாளிகளே. ஒரு ஹீமோபிலியா நோயாளியின் இரத்தம் மற்றொரு நோயாளியின் இரத்தத்தைச் சீராக உறையச் செய்ததை, அர்ஜென்டினா மருத்துவர் பாவ்லோவ்ஸ்கி 1947-இல் வெளியிட்டார். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது! 1952-இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ரோஸ்மேரி பிக்ஸ் முதலியோர், இந்த இரண்டாம் வகை நோய்க்குத் தாம் ஆராய்ந்த சிறுவன் ஒருவனின் குடும்பப் பெயரையே வைத்தனர்: 'கிறிஸ்துமஸ் நோய்'. அதில் குறைவது ஒன்பதாம் காரணி.

நம் சோதனையும் அந்தக் கலவைதான். எட்டாம் காரணி மட்டும் இல்லாத பிளாஸ்மா ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். சோதிக்கவேண்டியவரின் பிளாஸ்மாவைப் பத்து மடங்கு நீர்த்து, இதனுடன் சேர்க்கிறோம். மற்றக் காரணிகள் எல்லாம் முன்னதிலேயே நிறைய உண்டு; எட்டாவதை மட்டும் நோயாளியின் துளிதான் தரவேண்டும். கொழுப்புப் பொருளும் நுண்ணிய களிமண்ணும் இட்டு, 37 பாகை வெப்பத்தில் சில நிமிடம் வைத்து, கால்சியம் சேர்த்ததும் கடிகாரத்தை ஓடவிடுகிறோம். காரணி குறையக் குறைய உறைதல் தாமதிக்கும்.

எவ்வளவு தாமதத்திற்கு எவ்வளவு குறைவு? பலருடைய நல்ல பிளாஸ்மாவைக் கலந்து அதனை நூறு சதவிகிதம் எனக் கொள்கிறோம். அதைப் படிப்படியாக நீர்த்து, ஒவ்வொன்றும் உறையும் நேரத்தை மடக்கை வரைதாளில் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். நோயாளியின் விநாடிகளை அக்கோட்டில் வைத்துப் படிக்கவேண்டியதுதான். ஒரு சதவிகிதத்திற்கும் கீழே என்றால் அடிபடாமலே மூட்டுக்குள் இரத்தம் கசியலாம். ஐந்துக்கு மேல், நாற்பதுக்குள் என்றால் அறுவையின்போதுதான் நோய் வெளிப்படக்கூடும். நிறத்தின் அடர்வைக் கொண்டு அளக்கும் வேறொரு முறையும் உண்டு. இலேசான நோயுள்ள சிலரிடம் இரு முறைகளும் வெவ்வேறு எண்களைக் காட்டுவதால், ஐயமுள்ளபோது இரண்டையும் செய்வது நல்லது.

கோட்டை மட்டும் நம்பி நான் ஏமாற இருந்த நாள் ஒன்று உண்டு. பல் பிடுங்குவதற்கு முன் ஒரு சிறுவனின் இரத்தம் வந்தது. 38 சதவிகிதம் என்று கணக்கு காட்டியது. 'ஹீமோபிலியா' என்று எழுதப் பேனாவை எடுத்தவன், எதற்கோ, இரத்தம் எடுத்த நேரத்தை விசாரித்தேன். காலையில் எடுத்த குழாய் மாலைவரை வெக்கையான அறையில் கிடந்திருக்கிறது! எட்டாம் காரணியோ வைத்திருந்தாலே வலுவிழப்பது. மறுநாள் புதிதாக எடுத்து, உடனே பிரித்துச் சோதித்தபோது 56 இருந்தது. இதற்கு நேர்மாறான பிழை இன்னும் கொடியது. குழாயிலேயே இரத்தம் சற்று உறையத் தொடங்கியிருந்தால் காரணி இருப்பதைவிட மிகுதியாகத் தோன்றும். நோயாளி நலமுள்ளவராகக் கணக்கில் ஏறிவிடுவார்.

சிறுவனின் பல்லை அந்த வாரமே பிடுங்கினார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனானாம்.