கல்லறைத் தோட்டத்தில் எழும் கேள்விகள்

நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளின் மாதம். 2-ஆம் தேதியன்று நம் கல்லறைத் தோட்டங்கள் மெழுகுதிரி ஒளியால் நிறைகின்றன. சுண்ணாம்பு பூசிய கல்லறைகள்மீது மலர்கள் சாத்தப்படுகின்றன. குருவானவர் தீர்த்தம் தெளித்து ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துச் செல்கிறார். அந்நாளில் ஒரு சிலர் மட்டும் கூட்டத்தைவிட்டுச் சற்று ஒதுங்கி நிற்பதைக் காணலாம். அவர்களுடைய குழந்தைக்குக் கல்லறை என்று ஒன்று இல்லை. அல்லது கல்லறை உண்டு, அதன்மேல் சிலுவை இல்லை. அல்லது அவர்களைப் பெற்றவர் வேறு மயானத்தில் எரிக்கப்பட்டவர். கூட்டம் கலைந்த பின்பு இவர்கள் குருவை அணுகித் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்விகள் உண்டு. அவற்றுள் மூன்றை இம்மாதம் எடுத்துக்கொள்வோம்.

விடை கூறுமுன் ஓர் அடிப்படை உண்மையை மனத்தில் இருத்திக்கொள்வது நன்று. மீட்பை ஞானஸ்நானத்தோடு இணைத்தவர் இறைவன். ஆயினும் தாம் ஏற்படுத்திய திருவருட்சாதனங்களுக்கு அவர் தம்மையே கட்டுப்படுத்திக்கொள்ளவில்லை. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 1257) இதனையே போதிக்கின்றது. நமக்கு விதிக்கப்பட்ட கடமை வேறு. இறைவனுடைய இரக்கத்தின் எல்லை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதனால் பல குடும்பங்களில் ஆறாத புண் உண்டாகியிருக்கின்றது.

கேள்வி: சுவாமி, என் மகள் பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டாள். ஞானஸ்நானம் கொடுக்க முடியவில்லை. 'அந்தப் பிள்ளைக்கு மோட்சம் கிடையாது, பெயர்கூட வைக்கக்கூடாது' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். என் பிள்ளை எங்கே இருக்கிறாள்?

பதில்: அம்மா, உங்கள் பிள்ளை இறைவனுடைய கரங்களில் இருக்கிறாள். அவ்வாறு நம்பும்படியே திருச்சபை உங்களுக்குக் கற்பிக்கிறது. பெரியவர்களின் வார்த்தை எங்கிருந்து வந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீரினாலும் ஆவியினாலும் மறுபடி பிறவாதவன் இறையரசில் நுழைய முடியாது என்று ஆண்டவர் நிக்கொதேமுவிடம் கூறினார் (அருளப்பர் 3:5). ஐந்தாம் நூற்றாண்டில் பெலாஜியுஸ் என்பவர், ஆதாமின் பாவம் அவனுடைய சந்ததியைத் தொடரவில்லை என்று போதித்தார். அவரை எதிர்த்து வாதாடிய புனித அகுஸ்தீன், ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் அது மிகமிக இலேசானது என்று முடிவு கட்டினார். அம்முடிவு இடைக்கால அறிஞர்களுக்குக் கடுமையாகத் தோன்றியது. வேதனையில்லாத, இயற்கையான மகிழ்ச்சி நிலை ஒன்று அக்குழந்தைகளுக்கு உண்டு என்றார் புனித தாமஸ் அக்குவினாஸ். அந்நிலைக்கு 'லிம்போ' என்று பெயர் வந்தது. விளிம்பு என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். பல நூற்றாண்டுகள் நம் மறைக்கல்வியில் இக்கருத்து இடம்பெற்றிருந்தது. ஆனால், அம்மா, இதனை நன்றாகக் கவனியுங்கள்: திருச்சபை இதனை ஒருபோதும் விசுவாச சத்தியமாக வரையறுத்ததில்லை. இது அறிஞர்களின் கருத்து, அவ்வளவே.

மறைக்கல்வி நூலில் லிம்போ என்ற சொல்லே இல்லை. ஞானஸ்நானமின்றி இறந்த குழந்தைகளைத் திருச்சபை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைக்கின்றது என்றும், அவர்களுக்கு மீட்பின் வழி உண்டு என நம்பலாம் என்றும் அது போதிக்கிறது (எண் 1261). இக்கேள்வியை அனைத்துலக இறையியல் ஆணைக்குழு ஆராய்ந்து, பாப்பரசர் பதினாறாம் பெனடிக்டின் இசைவோடு 2007-இல் தன் முடிவை வெளியிட்டது. இக்குழந்தைகள் மீட்கப்பட்டு இறைவனை முகமுகமாய்த் தரிசிப்பார்கள் என்று நம்புவதற்கு உறுதியான காரணங்கள் உள்ளன என்பதே அம்முடிவு. இது கண்ணால் கண்ட அறிவன்று, நம்பிக்கை. ஆனால் கிறிஸ்தவனுடைய நம்பிக்கை வெறும் ஆசையன்று. அதற்கு அடித்தளம் உண்டு.

அந்த அடித்தளம் யாது? எல்லா மனிதரும் மீட்படைய வேண்டும் என்பது இறைவனின் விருப்பம் எனப் புனித சின்னப்பர் எழுதுகிறார் (1 திமொத்தேயு 2:4). குழந்தைகளைத் தம்மிடம் வரவிடாமல் தடுத்த சீடர்கள்மீது ஆண்டவர் சினங்கொண்டார் (மாற்கு 10:14). ஏரோது மன்னன் கொன்ற பெத்லகேம் குழந்தைகள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் அல்லர்; கிறிஸ்துவின் பெயரைக்கூட அறியாதவர்கள். ஆயினும் டிசம்பர் 28-ஆம் நாள் அவர்களைப் புனிதர்களாகக் கொண்டாடுகிறோம். தாவீதரசர் தம் சிசு இறந்தபோது, அது இனித் தம்மிடம் திரும்பி வராது, தாமே அதனிடம் செல்லப்போவதாகச் சொன்னார் (2 சாமுவேல் 12). இழந்த பிள்ளையை மறுபடி காணும் நம்பிக்கை அன்றே முளைவிட்டிருந்தது.

இன்னொன்று. 392-ஆம் ஆண்டு உரோமைப் பேரரசர் இரண்டாம் வாலெந்தீனியன் ஞானஸ்நானத்திற்குக் காத்திருந்த இளமையிலேயே இறந்தார். அழுது துவண்ட அவருடைய சகோதரிகளின் முன்பாக மிலான் நகர ஆயர் புனித அம்புரோசியார் இரங்கல் உரையாற்றினார். ஞானஸ்நானத்தை விரும்பிக் கேட்டவருக்கு அதன் அருள் மறுக்கப்படாது என்று அவர்களைத் தேற்றினார். இதனையே ஆசை ஞானஸ்நானம் என்கிறோம். சிசுவுக்குத் தானாக ஆசைப்படத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் மற்ற குழந்தைகளுக்கு ஞானஸ்நானத்தின்போது விசுவாச அறிக்கை செய்வது யார்? பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அன்றோ! உங்கள் உள்ளத்தில் இருந்த ஆசையை இறைவன் காணாமலிருப்பாரா? மேற்சொன்ன ஆணைக்குழுவும் பெற்றோரின் விருப்பத்தைக் கருத்திற்கொண்டே பேசுகின்றது.

ஆகவே உங்கள் மகளுக்குப் பெயர் வையுங்கள். அந்தப் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்து, அதற்குமுன் இறந்த குழந்தைக்குத் திருச்சபை அடக்கச் சடங்கு செய்ய ஆயர் அனுமதிக்கலாம் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கூறுகின்றது (சட்டம் 1183). இத்தகைய குழந்தைக்கென்றே தனிச் செபங்கள் அடக்கச் சடங்கு நூலில் உள்ளன. ஆதலால், இப்படிப்பட்ட துயரம் நேரும்போது சிசுவை ஒரு துணியில் சுற்றி, ஒருவருக்கும் தெரியாமல் இரவோடிரவாகப் புதைத்துவிடாதீர்கள். பங்குக் குருவுக்குச் சொல்லியனுப்புங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்பிக்கை உண்டு என்பதால் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். வெளிநாட்டிலிருக்கும் மாமன் வரட்டும், மண்டபம் கிடைக்கட்டும் என்று ஆறு மாதம், ஒரு வருடம் காத்திருப்போர் பெருகிவிட்டனர். பிறந்த முதல் சில வாரங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதே சட்டம் (867). உயிருக்கு ஆபத்து என்றாலோ தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். அவ்வேளையில் குரு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தந்தையோ, பாட்டியோ, மருத்துவத் தாதியோ எவரும் கொடுக்கலாம். கிறிஸ்தவரல்லாதவரும், திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்துடன் கொடுத்தால் அது செல்லும். குழந்தையின் தலையில் மும்முறை சுத்தமான தண்ணீரை ஊற்றி, பெயர் சொல்லி, "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொன்னால் போதும். பின்னர் பங்குக் குருவிடம் தெரிவித்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். குழந்தை பிழைத்துக்கொண்டால் எஞ்சிய சடங்குகளைக் கோயிலில் நிறைவேற்றலாம். உயிரின்றிப் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, திருவருட்சாதனங்கள் உயிருள்ளோருக்கே உரியவை. ஆனால் செபமும் பெயரும் அடக்கமும் அதற்கும் உண்டு.

கேள்வி: என் தம்பி கடன் தொல்லை தாங்காமல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். 'அவனுக்காகப் பூசை வைப்பது வீண்' என்கிறார்கள் உறவினர்கள். என் தாய் நான்கு ஆண்டுகளாகக் கோயிலுக்கே வருவதில்லை. அவனுக்காக நாங்கள் வேண்டலாமா?

பதில்: தாராளமாக வேண்டலாம், வேண்டவும் வேண்டும்.

உயிர் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த பொருள். நாம் அதற்குக் காவலரேயன்றி உரிமையாளர் அல்லர். ஆகையால் தற்கொலை கனமான தீமை என்ற போதனையில் மாற்றமில்லை. 1917-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு, மனம் துணிந்து தன்னை மாய்த்துக்கொண்டவனுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. இறக்குமுன் மனந்திரும்பியதற்கு அடையாளம் ஏதேனும் காட்டியிருந்தால் அடக்கம் மறுக்கப்படவில்லை என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1983-இல் வந்த புதிய தொகுப்பிலோ, அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலில் (சட்டம் 1184) தற்கொலை செய்துகொண்டவர் சேர்க்கப்படவேயில்லை.

ஏன் இந்த மாற்றம்? தீமையின் கனம் வேறு, அதனைச் செய்தவனுடைய குற்றப்பொறுப்பு வேறு. கடுமையான மனநோய், தாங்கொணாத அச்சம், வேதனை ஆகியவை மனிதனுடைய சுதந்திரத்தைக் குறைத்துவிடும் என்றும், இறைவன் தாம் மட்டுமே அறிந்த வழிகளில் அவனுக்கு மனந்திரும்ப வாய்ப்பளிக்கக்கூடும் என்றும் மறைக்கல்வி நூல் கூறுகிறது (எண் 2282, 2283). நம் நாட்டுச் சட்டமும், 2018-ஆம் ஆண்டு முதல், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகக் கருதி, தண்டிப்பதற்குப் பதிலாகப் பராமரிக்கச் சொல்கிறது.

பங்குக் குருக்களின் பாதுகாவலராகிய ஆர்ஸ் நகரப் புனித வியான்னியின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகின்றது. ஆற்றில் விழுந்து மாண்டவன் ஒருவனுடைய மனைவி நம்பிக்கையிழந்து அவரிடம் வந்தாள். பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கும் தண்ணீருக்கும் இடைப்பட்ட அந்த நொடியில் மனஸ்தாபப்பட அவனுக்கு நேரம் கிடைத்தது என்று புனிதர் அவளைத் தேற்றினாராம். உங்கள் தம்பியின் கடைசி நொடியை நீங்கள் கண்டதில்லை. உங்கள் உறவினரும் கண்டதில்லை. கண்டவர் ஒருவர் உண்டு. அவர் சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு அன்றைக்கே வான்வீட்டை வாக்களித்தவர் (லூக்காஸ் 23:43). திருச்சபை எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்திருக்கின்றது. ஒரு மனிதனையேனும் பெயர் குறிப்பிட்டு, இவன் நரகத்தில் இருக்கிறான் என்று அறிவித்ததில்லை.

மக்கபேயர் இரண்டாம் ஆகமத்தின் 12-ஆம் அதிகாரத்தை உங்கள் தாய்க்குப் படித்துக் காட்டுங்கள். போரில் மடிந்த வீரர்களின் உடைகளுக்குள் சிலைத் தாயத்துகள் இருந்தன. அவர்கள் கட்டளையை மீறியவர்கள். அதைக் கண்ட யூதா மக்கபே, 'இவர்களுக்கு இனிச் செபம் எதற்கு?' என்று விட்டுவிடவில்லை. காசு திரட்டி எருசலேமுக்கு அனுப்பி, அவர்களுக்காகவே பாவப்பரிகாரப் பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். மரித்தோருக்காகத் திருச்சபை செபிப்பதற்கு நாம் காட்டும் வேதவாக்கியம் இதுதான். பாவத்தோடு இறந்தவர்களாகத் தோன்றியவர்களுக்காகவே அந்தச் செபம் முதன்முதல் எழுந்தது என்பதை மறவாதீர்கள்.

நான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டனவே என்று தயங்கவும் வேண்டாம். இறைவனுக்கு நேற்றும் நாளையும் இல்லை. இன்று நீங்கள் செய்யும் செபத்தை அவர் அன்றே அறிந்திருந்தார். உங்கள் தாயைத் திருப்பலிக்கு அழைத்து வாருங்கள்.

நம் வீடுகளில் எவரேனும் வாழ்வே வேண்டாம் என்று பேசினால் அதனை வீண் பேச்சென்று தள்ளாதீர்கள். கண்டித்து வாயடைக்கவும் செய்யாதீர்கள். அருகில் உட்கார்ந்து கேளுங்கள். குருவிடம் அழைத்து வாருங்கள். மருத்துவரிடமும் கூட்டிச் செல்லுங்கள். காய்ச்சலுக்கு மருந்துண்பது எப்படி விசுவாசக் குறைவன்றோ, மனநோய்க்கு மருந்துண்பதும் அப்படியே. மத்திய அரசு 2022-இல் ஏற்படுத்திய 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416. கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.

கேள்வி: நான் திருமணத்திற்கு முன் ஞானஸ்நானம் பெற்றவள். என் தந்தை இந்துவாகவே வாழ்ந்து இறந்தார். நான் கோயிலுக்குச் செல்வதை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாமா?

பதில்: ஒப்புக்கொடுக்கலாம், மகளே. வாழ்வோர், இறந்தோர் ஆகிய எவருக்காகவும் திருப்பலியை ஒப்புக்கொடுக்கக் குருவுக்கு உரிமை உண்டு (சட்டம் 901). தங்கள் குற்றமின்றிக் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாதிருந்தும், நேரிய உள்ளத்தோடு இறைவனைத் தேடி, மனச்சாட்சி காட்டிய வழியில் அவருடைய அருளால் வாழ முயல்வோரும் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் போதித்தது (திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு, எண் 16). அதற்காக எல்லா மதமும் ஒன்றே என்று பொருள் கொள்ள வேண்டாம். மீட்கப்படுவோர் யாவரும் கிறிஸ்துவின் வழியாகவே மீட்கப்படுகின்றனர், அவரை அறியாதோரும்கூட. உன் தந்தையின் பெயரை உன் பங்கிலே எழுதிக்கொடு. அவர் உனக்குக் காட்டிய அன்புக்கு நீ செய்யக்கூடிய கைம்மாறு அதுவே.

அன்புள்ள வாசகர்களே, மேற்கண்ட மூன்று குடும்பங்களையும் வருத்தியது திருச்சபையின் போதனை அன்று. அப்போதனையைப் பாதி அறிந்தவர்களின் நாவு. துக்க வீட்டில் தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. அங்கே நாம் செய்யத்தக்கவை மூன்று: மௌனமாய் உடனிருத்தல், கைகொடுத்து உதவுதல், செபித்தல். புனித அகுஸ்தீனின் தாயார் மோனிக்கம்மாள் 387-இல் ஒஸ்தியாவில் இறக்கும் தருவாயில், தம் உடலை எங்கே அடக்கம் செய்தாலும் கவலையில்லை, ஆண்டவருடைய பீடத்தில் தம்மை நினைத்துக்கொண்டால் போதும் என்று மக்களிடம் வேண்டிக்கொண்டார். பீடம் எல்லாருக்கும் பொதுவானது. கல்லறை இல்லாத பிள்ளைக்கும், சிலுவை இல்லாத கல்லறைக்கும், வேறு மயானத்தில் எரிந்தவர்க்கும் அதில் இடமுண்டு.

இந்த நவம்பரில் இறந்தோர் பெயர்ப் பட்டியலை எழுதும்போது, இதுவரை எழுதத் தயங்கிய பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.