எண்ணெய் அழுத்தம் குறைந்தால் என்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

ஸ்ரீவராகம் வட்டாரத்தில் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் பழைய அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் இன்றும் பேணப்பட்டு வருகின்றன. உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. பத்மினி அதற்கும் பல்லாண்டுகளுக்கு முன்பே விடைபெற்றுவிட்டது. ஆகவே இவ்வண்டிகளில் இருக்கின்ற என்ஜினைக் காப்பாற்றிக் கொள்வதே உடையவர்க்கு உள்ள வழி. நாகர்கோவிலுக்கோ, ஆரியங்காவு மலைப்பாதை வழியாகச் செங்கோட்டைக்கோ குடும்பத்தோடு புறப்படும் வேளையில் முகப்புப் பலகையில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கத் தொடங்கினால் மனம் கலங்குவது இயல்பே. பட்டறைக்குச் சென்றால், “என்ஜினை இறக்க வேண்டும்” என்ற தீர்ப்புக் கிடைக்கிறது. அத்தீர்ப்பு சில வேளை சரியானதே. ஆனால் விசாரணைக்கு முன்பே அது வழங்கப்பட்டுவிடுவதும் உண்டு. விசாரணை எப்படி நடைபெற வேண்டும் என்பதையே இங்கே கூற விரும்புகின்றோம்.

என்ஜினின் அடித்தொட்டியாகிய சம்பிலிருந்து பம்பு எண்ணெயை உறிஞ்சி, வடிகட்டி வழியாகக் கிராங்க் தண்டின் பேரிங்குகளுக்கும், அங்கிருந்து பிஸ்டன் கோல்களின் அடிப் பேரிங்குகளுக்கும், மேலே ராக்கர் தண்டுக்கும் செலுத்துகிறது. தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான். அந்த இடுக்கில் எண்ணெய் நுழையத் திணறுவதால் பிறப்பதே அழுத்தம். தேய்மானத்தால் இடைவெளி இரண்டு மடங்கானால், கசியும் எண்ணெய் இரண்டு மடங்கன்று, ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. இந்தக் கணக்கை மனத்தில் கொண்டால், கொஞ்சம் தேய்ந்த பேரிங்கு அழுத்தத்தை ஏன் அவ்வளவு கீழே இறக்குகிறது என்பது விளங்கும். பம்பு மெதுவாகச் சுழலும் வேளையிலும், எண்ணெய் சூடாகி நீர்த்திருக்கும் வேளையிலும் குறை முதலில் தலைகாட்டுவதும் இதனாலேயே. கிழக்கே கோட்டை நெரிசலில் உச்சிவேளையில் நிற்கும்போது விளக்கு மினுக்குவதும், வேகம் எடுத்தவுடன் அணைவதும் இவ்வகையினவே.

முதற்கண் எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் விடை அங்கேயே கிடைத்துவிடலாம். அளவு கூடியிருந்தால் அதைவிடக் கவலை. கம்பியை முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வீசுகிறதா? என்ஜினோடு இணைந்து இயங்கும் பெட்ரோல் பம்பின் உள்ளேயிருக்கும் மெல்லிய திரை கிழிந்தால், பெட்ரோல் சம்பில் இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும். பம்பைச் செப்பனிட்டு, எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிய பிறகே அழுத்தத்தைப் பற்றிப் பேச வேண்டும். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் அது தண்ணீர் கலந்த அடையாளம்; அந்த வழக்கே வேறு.

அடுத்தது சாட்சியை விசாரிப்பது. விளக்கும் முள்ளும் பொய் சொல்லக் கூடியவை. விளக்கு மட்டும் உள்ள வண்டியில், பிளாக்கில் திருகியிருக்கும் சுவிட்சிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்புக. அப்போதும் விளக்கு எரிந்தால் கம்பி எங்கோ உரசி வண்டியின் உடலைத் தொடுகிறது என்பது பொருள், என்ஜின் நிரபராதி. விளக்கு அணைந்தால், அந்தச் சுவிட்சைக் கழற்றி அதே துளையில் பட்டறையின் நேரடி அளவுமானியைத் திருகிப் பார்க்கச் சொல்ல வேண்டும். சிறிது நேரத்தில் முடியும் இச்சோதனையைச் செய்யாமல் என்ஜினை இறக்கச் சம்மதிப்பது பெரும் பேதைமை என்பது நமது துணிபு.

அளவு எடுப்பது நன்றாகச் சூடேறிய என்ஜினில்தான். பழைய அம்பாசடரின் 1489 கன சென்டிமீட்டர் என்ஜினுக்கு, ஓடும் வேகத்தில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு அளவிலும், சும்மா நிற்கும்போது 15 பவுண்டு அளவிலும் இருப்பது நல்ல அடையாளம். மற்ற வண்டிகளுக்கு அவற்றின் கைப்புத்தகமே பிரமாணம். நிற்கும்போது சிறிது குறைந்து, ஓடும்போது சரியாக இருந்தால் அவசரப்பட வேண்டியதில்லை. என்ஜின் நிற்கும் வேகம் அளவுக்கு மீறிக் குறைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். எல்லா வேகத்திலும் குறைந்திருந்தால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீப் வால்வை நாட வேண்டும். அம்பாசடரில் அது பிளாக்கின் பின்பகுதியில், குமிழ்த்தலை நட்டுக்கு அடியில் இருக்கிறது. ஒரு துளி அழுக்கு அதன் இருக்கையில் சிக்கினாலும், சுருள்வில் தளர்ந்தாலும், எண்ணெய் பேரிங்குகளுக்குப் போகாமல் சம்புக்கே திரும்பிவிடும். நட்டுக்குள் வில்லின் பின்னே வாஷர்களைச் சேர்த்து வில்லை இறுக்கி முள்ளை உயர்த்திக் காட்டுவோரும் உளர். அது மருத்துவமன்று, வெப்பமானியைத் திருத்துவது போன்ற செயல். மிகக் கெட்டியான எண்ணெயை ஊற்றித் தேய்ந்த வண்டியை விற்றுவிடும் வித்தையும் அதன் உடன்பிறப்பே. வாங்குவோர் குளிர்ந்த என்ஜினில் முள்ளைப் பார்த்து மயங்காமல், அரை மணி நேரம் ஓட்டிய பின் பார்ப்பார்களாக.

இவ்வளவுக்குப் பிறகும் குறை நீங்கவில்லையெனில் காதைக் கொண்டு விசாரிக்க வேண்டும். அடியிலிருந்து ‘டக் டக்’ என்ற ஓசை வருகிறதா? காப்பிட்ட குறட்டினால் ஸ்பார்க் பிளக்கின் கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கையில், எந்தச் சிலிண்டரை நிறுத்தியதும் ஓசை தணிகிறதோ அதன் கோல் பேரிங்கையே முதலில் சந்தேகிக்கலாம். பாரம் ஏறும்போது மட்டும் ஆழ்ந்து முழங்கினால் கிராங்கின் பிரதானப் பேரிங்குகளைச் சந்தேகிக்க இடமுண்டு. பல வண்டிகளில் என்ஜினை இறக்காமலே சம்பைக் கழற்றிவிடலாம். உறிஞ்சு குழாயின் வலையில் கசடு அடைத்திருக்கிறதா, பம்பு தேய்ந்திருக்கிறதா என்று கண்டபின், ஒரு பேரிங்கு மூடியைத் திறந்து மெழுகிழை ஒன்றை வைத்து உரிய அளவு முடுக்கி மீண்டும் திறந்தால், இழை நசுங்கிய அகலமே இடைவெளியைச் சொல்லிவிடும். தண்டு வட்டம் கெட்டு நீள்வட்டமாகியிருந்தால் புதுப் பேரிங்கு போட்டுப் பயனில்லை. அந்நிலையில் என்ஜினை இறக்குவது நியாயமே. தண்டைக் கடைந்து, ஆயிரத்தில் 10, 20 என்ற குறைஅளவுப் பேரிங்குகளைப் பொருத்த வேண்டும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். ஓடும் வேகத்திலேயே விளக்கு நிலைத்து எரிந்தால், வண்டி களியக்காவிளையில் இருந்தாலும் சரி, குளத்தூப்புழைக் காட்டில் இருந்தாலும் சரி, ஓரமாக நிறுத்தி என்ஜினை உடனே அணைத்துவிட வேண்டும். அவ்விளக்கு எரிவதற்குள் அழுத்தம் ஏறக்குறைய இல்லாமலே போயிருக்கும். “அடுத்த ஊர் வரை போய்விடலாம்” என்ற எண்ணத்தில் கழியும் சில நிமிடங்களே கிராங்க் தண்டைப் பாழாக்கப் போதுமானவை. இழுவை வண்டிக்குக் கொடுக்கும் கூலி அதற்கு முன் அற்பம்.

செப்பனிட்டு முடிந்ததும், பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முள் எழும்வரை என்ஜினைச் சுழற்றிய பின்பே உயிர்ப்பிக்கச் சொல்லுக. அன்று சூடான நிலையில் கண்ட இரண்டு அளவுகளையும் தேதியோடும் ஓடிய கிலோமீட்டரோடும் வண்டியிலுள்ள குறிப்பேட்டில் எழுதி வைப்பது நல்லது. அடுத்த ஆண்டு பொங்கலுக்கு ஊருக்குப் புறப்படும் முன் எடுக்கும் அளவை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.