டாக்டர் பட்டத்துக்குப் பின்னர்

தொழில் நிமித்தம் மும்பை, தில்லி, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் இளைஞர் உளர். பட்டம் பெற்றதும் நிரந்தர உத்தியோகம் வாய்க்கும் என்று பெற்றோர் எதிர்பார்ப்பது இயல்பே. ஆயினும், பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் பதவியை நாடுவோர், அதற்கு முன் சில ஆண்டுகள் வேறொரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றுவது வழக்கமாகிவிட்டது. இதனையே போஸ்ட்டாக்டரல் ஆராய்ச்சி என்கின்றனர். ஆசிரியரின் நிழலினின்று விலகி, தாமே ஒரு வினாவை எழுப்பி விடை காணும் ஆற்றல் ஒருவருக்கு உண்டா என்பதை இக்காலமே காட்டும்.

இப்பதவிகள் இருவகைப்படும். விஞ்ஞானி ஒருவர் தம் ஆராய்ச்சித் திட்டத்துக்குப் பெற்ற மானியத்திலிருந்து சம்பளம் தருவது ஒரு வகை. ஆராய்ச்சியாளரே உபகாரச் சம்பளம் பெற்று வருவது மற்றொரு வகை. விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கழகம் வழங்கும் ஆராய்ச்சித் துணைவர் பதவியும், தேசிய போஸ்ட்டாக்டரல் உபகாரச் சம்பளமும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. பின்னதன் காலம் 2 ஆண்டுகள். பொது வயது வரம்பு 35. பெண்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு 5 ஆண்டுகள் சலுகை உண்டு. விண்ணப்பிக்கும் முன்னரே வழிகாட்டும் விஞ்ஞானியின் சம்மதத்தைப் பெற்றிருத்தல் வேண்டும்.

ஆகவே, எவ்வகையாயினும் முதற்படி ஒரு கடிதமே. ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதால் பயனில்லை. ஒருவருடைய அண்மைக் கட்டுரைகளைப் படித்து, தாம் இதுவரை கண்டது என்ன, அவரிடம் ஆராய விரும்புவது என்ன, எப்போது வந்து சேர இயலும் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதுதல் நன்று. பரிந்துரைப்போர் இருவர் மூவரின் பெயர்களையும் இணைக்க வேண்டும். மூன்று வாரங்களில் பதில் வாராவிடில் ஒருமுறை நினைவூட்டலாம். மௌனத்துக்குப் பெரும்பாலும் பணமின்மையே காரணமாதலின் மனம் தளர வேண்டா.

இடத்தின் பெயரைவிட ஆளின் தகுதியே முக்கியம். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அன்றைய கல்கத்தாவுக்குச் சென்று சி. வி. ராமனிடம் சேர்ந்தார். 1928இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது உடன் உழைத்தவர் அவரே. பின்னர் டாக்கா, மீண்டும் கல்கத்தா, அலகாபாத் என இடம் மாறி, தில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் டைரக்டரானார்.

பதவியை ஏற்கும் முன் கேட்க வேண்டியவை சில: சம்பளம் எத்தனை காலத்துக்கு உறுதி? அது மாதந்தோறும் கிடைக்குமா, தாமதமாகுமா? விலகிச் செல்லும்போது தம் ஆராய்ச்சிப் பொருளை உடன் கொண்டு செல்லலாமா? இவற்றை அங்கே முன்பு பணியாற்றியவர்களிடமும் விசாரித்தறிவது நலம். அயலூரில் வாடகை கொடுத்து வாழ்வோருக்குச் சில மாதத் தாமதமும் பெருஞ்சுமையாகும். எனவே ஆய்வுரையைச் சமர்ப்பிப்பதற்கு ஓராண்டு முன்னரே தேடலைத் தொடங்க வேண்டும்.

இப்பாதையில் செல்வோர் அனைவருக்கும் நிரந்தரப் பதவி கிட்டுவதில்லை. எத்தனை ஆண்டுகள் முயல்வது, அதன்பின் தொழிற்சாலையையோ கல்லூரியையோ நாடுவதா என்பதைக் குடும்பத்தாருடன் முன்கூட்டியே பேசி முடிவு செய்க. அவ்வாறு செய்தால், அந்த ஆண்டுகளை வீட்டார் வீண் காலமென எண்ணார். இளைஞரும் கவலையின்றி உழைப்பர்.